மேலிடமும் நாலணா ரசீதும்: தமிழ்நாடு காங்கிரஸின் உட்பூசலில் திருமயத்தின் பங்கு

விழா மலர் என்றாலே வாழ்த்துச் செய்தி, குழுப் படம், நகைக்கடை விளம்பரம், நடுநடுவே பெரியவர்களைப் போற்றும் கட்டுரை என்று ஒரு மரபு இருக்கிறது. கட்சி வரலாறு எழுதச் சொன்னால் மாநாடு நடந்த ஆண்டுகளும் தலைவர்களின் பெயர் வரிசையும் ஒழுங்காக வந்துவிடும். ஒரு தலைவர் ஏன் போனார், அடுத்தவர் எப்படி வந்தார் என்ற இடத்தில் மட்டும் மௌனம். தமிழ்நாடு காங்கிரஸின் வரலாற்றை அப்படி எழுதினால் பாதிக் கதை போய்விடும். அந்தக் கட்சியை ஆளாக்கியதில் ராட்டைக்கும் சிறைக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, ஏறக்குறைய அவ்வளவு பங்கு உட்பூசலுக்கும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதை மறைப்பது இன்னும் கடினம். அந்தப் பூசலில் ஒரு தரப்புக்குப் பல ஆண்டுகள் முகமாக இருந்தவர் நம் திருமயத்துக்காரர்.

சுந்தர சாஸ்திரி மகன் சத்தியமூர்த்தி 1887 ஆகஸ்ட் 19-இல் திருமயத்தில் பிறந்தார். குன்றைக் குடைந்து எழுப்பிய கோயிலில் எழுந்தருளியிருக்கும் ஊர்ப் பெருமாளின் பெயரும் அதுவே. தகப்பனாரை இளம் வயதிலேயே இழந்தவர். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படித்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கும் சட்டக் கல்லூரிக்கும் போய் வக்கீலானார். திருமயம் அப்போது தொண்டைமான் சமஸ்தானம். சமஸ்தானங்களின் உள்விவகாரத்தில் கட்சி நேரடியாக இறங்குவதில்லை என்பது காங்கிரஸின் நெடுநாள் கொள்கை. 1938 ஹரிபுரா மாநாட்டில்கூட அதைப் பெருமளவு மாற்றவில்லை. ஆகவே அரசியல் ஆசையுள்ள சமஸ்தானத்துப் பிள்ளை எல்லை தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. திருமயத்துக்காரர் சென்னைக்காரர் ஆனதற்கு இது ஒரு காரணம்.

காங்கிரஸைப் பழமைப் போக்குள்ள கட்சி என்று சொன்னால் காங்கிரஸ்காரர்களுக்குக் கோபம் வரும். விடுதலைக்குப் போராடிய கட்சி எப்படிப் பழமைக் கட்சியாகும் என்பார்கள். ஆனால் 1920-களிலும் 30-களிலும் சென்னை மாகாணத்துக் கமிட்டிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பாருங்கள். மயிலாப்பூர் வக்கீல், காவிரிக் கரை மிராசுதார், வணிகச் செட்டியார், பெருநிலக் கவுண்டர். வெள்ளைக்காரன் போக வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. வீட்டுக்குள், கோயிலுக்குள், நிலத்துக்குள் எதுவும் அவசரமாக மாறவும் வேண்டாம். 1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்தபோது ஈ.வெ.ரா. வெளியேறினார். கட்சிக்குள் பழமையை எதிர்த்துச் சண்டை போடக்கூடிய பெரிய ஆள் அன்றோடு போய்விட்டார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நடந்ததெல்லாம் பழமைவாதிகளுக்கும் பழமைவாதிகளுக்கும் இடையிலான சண்டைதான்.

நம் ஆள் எந்த அளவுக்குப் பழமைவாதி என்பதற்கு நம் ஊர்க் கதை ஒன்றே போதும். முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சத்தியமூர்த்திக்கு ஒரு வயது மூத்தவர். மன்னர் கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியபோது தொண்டைமான் மன்னரின் அனுமதியால் உள்ளே போய்ப் படித்தவர். ஒரே சமஸ்தானம், ஒரே கல்லூரி. இருபதாண்டு கழித்து இருவரும் சென்னைச் சட்ட மேலவையில் எதிரெதிரே நின்றார்கள். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அந்த அம்மையார் வாதாடினார். மதத்திலும் மரபிலும் சட்டம் கைவைக்கக் கூடாது, கலை அழிந்துவிடும் என்ற பக்கத்தில் சத்தியமூர்த்தி நின்றார். அதற்கு முன் நீதிக் கட்சி முதல்வர் பனகல் அரசர் கொண்டுவந்த இந்து சமய அறநிலைய மசோதாவையும் இப்படித்தான் விடாமல் எதிர்த்தார். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் கடைசியில் நிறைவேறியது 1947-இல். நிறைவேற்றியது ஓமந்தூரார் தலைமையிலான காங்கிரஸ் ஆட்சி. சத்தியமூர்த்தியைப் பற்றி எழுதும் பலர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டத் தேவையில்லை. இந்த விஷயத்தில் அவர் தவறான பக்கத்தில் இருந்தார். அவ்வளவுதான்.

அதே மனிதர் சுகுண விலாச சபாவின் மேடையில் மனோகரனாக வேடம் கட்டியவர். நாடகக்காரர்களைக் கூத்தாடிகள் என்று ஒதுக்கிய காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் காங்கிரஸ் மேடைக்குக் கொண்டுவந்தவர். 1928-இல் பாரதி பாடல்களை அரசு பறிமுதல் செய்தபோது சட்ட மேலவையில் அதை எதிர்த்து முழங்கியவர். பாட்டும் நாடகமும் ஓட்டு வாங்கித் தரும் என்பதைத் தமிழ்நாட்டில் முதலில் புரிந்துகொண்ட அரசியல்வாதி அவர் என்று சொன்னால் மிகையில்லை. பின்னால் வந்தவர்கள் அந்தப் பாடத்தை அவர் கட்சியைவிட நன்றாகப் படித்துக்கொண்டார்கள்.

இனிச் சண்டைக்கு வருவோம். 1920-இல் நாக்பூரில் காங்கிரஸ் மொழிவாரிக் கமிட்டிகள் அமைக்க முடிவெடுத்த பிறகு தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி தனியாக உருவானது. உருவான கையோடு இரண்டு கட்சியானது. காந்தி சொன்ன ஒத்துழையாமைப்படி சட்டசபைப் பக்கமே போகக் கூடாது என்றவர்கள் ஒரு பக்கம். உள்ளே போய் முட்டுக்கட்டை போட வேண்டும் என்றவர்கள் இன்னொரு பக்கம். 1922 டிசம்பரில் கயா மாநாட்டில் சி.ஆர். தாஸ் தலைவராக உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய சட்டசபை நுழைவுத் திட்டத்தைத் தோற்கடித்தவர்களுக்கு முன்னணியில் நின்றவர் ராஜாஜி. தாஸும் மோதிலால் நேருவும் சுயராஜ்யக் கட்சி தொடங்கினார்கள். சென்னையில் அதற்குத் தலைவர் எஸ். சீனிவாச ஐயங்கார், குரல் சத்தியமூர்த்தி. 1923-இல் பட்டதாரிகளின் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து மேலவைக்குள் போனார்.

1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி 98 தேர்தல் இடங்களில் 41-ஐப் பிடித்துப் பெரிய கட்சியாக வந்தது. ஆட்சி அமைக்க அழைப்பும் வந்தது. கட்சித் தீர்மானம் குறுக்கே நின்றதால் சீனிவாச ஐயங்கார் மறுத்துவிட்டார். டாக்டர் ப. சுப்பராயன் சுயேச்சைகளை வைத்து மந்திரிசபை அமைத்தார். கையில் வந்த அதிகாரத்தை விட்டதில் சத்தியமூர்த்திக்கு உடன்பாடில்லை. சட்டசபைக்குப் போகலாம், ஆனால் ஆளக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? அந்தக் கேள்வியை அவர் விடவேயில்லை. அடுத்த பத்தாண்டு அவருடைய அரசியல் முழுவதும் இதே கேள்விதான். சுப்பராயன் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

1930 உப்புச் சத்தியாகிரகம் ராஜாஜியின் காலம். திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்த அந்தப் பயணத்தால் அவர் தமிழ்நாட்டில் காந்தியின் ஆளாக மட்டும் இல்லாமல் தமிழ்நாட்டுக் காந்தியாகவே ஆனார். சிறை எல்லாருக்கும் வந்தது, சத்தியமூர்த்திக்கும் வந்தது. போராட்டம் ஓய்ந்தபோது மறுபடி தேர்தல் பேச்சு எழுந்தது; அது சத்தியமூர்த்தியின் பருவம். 1934-இல் மத்திய சட்டசபைத் தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் நீதிக் கட்சியின் பெரும் பேச்சாளர் ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்தார். ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அந்தத் தேர்தலில் காங்கிரஸிடம் தோற்றார். வெள்ளையர் மதித்த இரண்டு நீதிக் கட்சிப் பெரியவர்கள் ஒரே தேர்தலில் சாய்ந்ததும், ஓட்டுப் பெட்டியைக் கேலி செய்தவர்கள் வாயை மூடினார்கள். ராஜாஜி அந்தச் சமயத்தில் கட்சிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கியிருந்தார். 1936-இல் காரைக்குடி மாநாட்டில் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரானார். திருமயத்திலிருந்து சாலையில் புறப்பட்டால் அடுத்து வரும் பெரிய ஊர் காரைக்குடிதான். சொந்த மண்ணின் வாசலில் கிடைத்த பதவி. செயலாளராக அவர் தேர்ந்துகொண்டவர் விருதுநகரைச் சேர்ந்த 33 வயதுக் காமராஜர்.

இங்கே கொஞ்சம் நின்று, கமிட்டி என்ற இயந்திரம் எப்படி ஓடியது என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு நாலணா கொடுத்தால் யாரும் காங்கிரஸ் உறுப்பினர். உறுப்பினர் சேர்ப்பவர் கையில் ஒரு ரசீதுப் புத்தகம் இருக்கும். கிராமத்தில் எத்தனை ரசீது கிழிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அந்தப் பகுதியிலிருந்து போகும் பிரதிநிதிகள் அமைவார்கள். பிரதிநிதிகள் சேர்ந்ததுதான் மாகாணக் கமிட்டி. தலைவரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தான். ஆக, ரசீதுப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் கட்சி. புத்தகம் எதிர்க்கோஷ்டிக்காரன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது, ஒருவரே பத்துப் பேருக்கு நாலணா கட்டிவிடுவது, கடைசி நாளில் கட்டுக் கட்டாக ரசீது அடிக்கட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் போடுவது, கதர் கட்டாதவன் என்று எதிராளியின் தகுதியைக் கேள்வி கேட்பது: கோஷ்டி அரசியலின் அன்றாட வேலை இதுதான். சத்தியமூர்த்திக்கு இந்த வேலை ஓடாது. அவருக்கு ஆங்கிலமும் மேடையும் சட்டமன்றமும் கேள்வி நேரமும் வேண்டும். ஊர் ஊராகப் போய் ஆட்களின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு இதைச் செய்தவர் காமராஜர். பேசத் தெரிந்த குருவுக்கு, பேசாமல் வேலை செய்யத் தெரிந்த சீடர் கிடைத்தார்.

1937 தேர்தல். சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸுக்கு 159. மாகாணம் முழுவதும் சுற்றி இந்த வெற்றிக்கு உழைத்தவர்களின் பட்டியலில் சத்தியமூர்த்தி பெயர் மேலே இருக்கும். ஆனால் தேர்தலுக்கு முன்பே ஒரு முடிவு நடந்துவிட்டது. ஒதுங்கியிருந்த ராஜாஜி மீண்டும் அழைத்து வரப்பட்டார். அவர் நிற்பதற்காகச் சத்தியமூர்த்தி தனக்குப் பழக்கமான பல்கலைக்கழகத் தொகுதியை விட்டுக்கொடுத்தார். மந்திரி பதவி தருவதாகப் பேச்சு இருந்தது, அந்தப் பேச்சு காப்பாற்றப்படவில்லை என்பது அவர் ஆதரவாளர்கள் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன குறை. பேச்சு என்னவாக இருந்தாலும் முடிவு தெரிந்ததே. 1937 ஜூலை 14-இல் ராஜாஜி பிரதமர் ஆனார். அன்றைக்கு முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். மந்திரிகள் பத்துப் பேர். பிரகாசம் இருந்தார், வி.வி. கிரி இருந்தார், டி.எஸ்.எஸ். ராஜன் இருந்தார். 1926-இல் சுயராஜ்யக் கட்சி வேண்டாம் என்ற நாற்காலியில் உட்கார்ந்த சுப்பராயனும், இதற்குள் காங்கிரஸுக்கு வந்து, கல்வி, சட்ட மந்திரியாக இருந்தார். ஆட்சிக்குப் போகலாம் என்று முதலிலிருந்து சொல்லிவந்தவர் மட்டும் டெல்லி மத்திய சட்டசபையிலேயே இருந்துவிட்டார்.

ஏன் இப்படி? ராஜாஜியின் திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. நிர்வாகத்தில் அவருக்கு நிகர் அன்று தமிழ்நாட்டில் இல்லை. சேலத்தில் மதுவிலக்கு, விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு என்று இரண்டேகால் ஆண்டில் பலவற்றைச் செய்தார். கட்டாய இந்தி என்ற பெரிய தவறையும் செய்தார். ஆனால் 1937-இல் முடிவைத் தீர்மானித்தது திறமையல்ல. காந்திக்கும் பட்டேலுக்கும் ராஜாஜிமேல் நம்பிக்கை இருந்தது; சத்தியமூர்த்தியைப் பதவி ஆசைக்காரர் என்று அந்த வட்டத்தில் எடை போட்டுவைத்திருந்தார்கள். தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்கள் இன்றும் ஓயாமல் சொல்லும் ‘மேலிடம்’ என்ற சொல்லுக்கு உயிர் வந்தது அப்போதுதான். பிரதிநிதிகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, மேலிடம் இன்னொரு பக்கம் கை காட்டியது. கட்சி மேலிடத்துக்குக் கட்டுப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், இந்த இருவரில் மதம், சாதி விஷயங்களில் துணிந்தவர் ராஜாஜியே. தம் மகளைக் காந்தியின் மகன் தேவதாஸுக்கு மணம் செய்துகொடுத்தவர் அவர். பொருளாதாரத்தில் அவர் எவ்வளவு பழமைவாதி என்பது 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கியபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. சத்தியமூர்த்தி கோயில் விஷயத்தில் பிடிவாதக்காரர். நாடாளுமன்ற ஜனநாயகத்தில் முழு நம்பிக்கை உள்ளவர். இரண்டும் பழமைதான், ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு பழமை. கொள்கைச் சண்டை என்று நினைத்து இதற்குள் நுழைபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

எதிர்முகாமின் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஜமீன்தார்களும் பெருநிலக்காரர்களும் நிறைந்த நீதிக் கட்சி தலைமைச் சண்டையில் காங்கிரஸுக்கு அண்ணன். 1923-லேயே சி.ஆர். ரெட்டி பிரிந்து வந்து பனகல் அரசர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். 1932-இல் முனுசாமி நாயுடுவைத் தள்ளிவிட்டுப் பொப்பிலி ராஜா உட்கார்ந்தார். 1937-இல் அந்தக் கட்சிக்கு மிஞ்சியது 18 இடம்; பொப்பிலி ராஜாவே வி.வி. கிரியிடம் தோற்றார். கட்சி பிழைத்ததே, அடுத்த ஆண்டு சிறையில் இருந்த பெரியாரைத் தலைவராக்கியதால். பிறகு 1944-இல் சேலத்தில் அதன் பெயரே திராவிடர் கழகம் என்று மாறிவிட்டது.

சத்தியமூர்த்தி வெளியேறவில்லை, வேறு கட்சி தொடங்கவில்லை. 1939-இல் சென்னை மேயரானார். நகரத்தின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் காலத்தில் அடிக்கல் நாட்டினார்கள். இன்றும் அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகர். கட்சிக்குள் அவர் தரப்பு திருப்பி அடித்தது 1940 பிப்ரவரியில். போருக்கு எதிர்ப்புத் தெரிவித்து ராஜாஜி மந்திரிசபை 1939 அக்டோபரில் ராஜினாமா செய்திருந்தது. கமிட்டித் தலைவர் தேர்தலில் ராஜாஜி ஆதரவு பெற்றவர் கோவை சி.பி. சுப்பையா. சத்தியமூர்த்தி தரப்பில் நின்றவர் காமராஜர். 103-க்கு 100. மூன்று ஓட்டில் காமராஜர் தலைவரானார். நான்கு ஆண்டுக்கு முன் தலைவராக இருந்த சத்தியமூர்த்தி, தன் சீடரின் கீழ்ச் செயலாளராக உட்கார்ந்தார். பதவி ஆசைக்காரர் என்று அவரைச் சொன்னவர்கள் இந்த ஒரு செயலுக்கு என்ன விளக்கம் சொல்வார்களோ தெரியாது.

இந்த மூன்று ஓட்டின் பெருமை வெளியுலகத்தோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பழமைவாதக் கட்சிகளுக்கெல்லாம் தாய்வீடு என்று சொல்லப்படும் பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சியில் அன்றைக்குத் தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வழக்கமே கிடையாது. பெரிய மனிதர்கள் சிலர் உள்ளறையில் கலந்து பேசுவார்கள். ஒரு பெயர் வெளியே வரும். 1963-இல் ஹியூம் பிரபு அப்படி வந்ததில் கட்சிக்குள் புகைச்சல் கிளம்பி, 1965-இல்தான் முதல்முறையாக எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டு எட்வர்டு ஹீத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு 25 ஆண்டுக்கு முன்பே நாலணா உறுப்பினர்களின் பிரதிநிதிகள் இங்கே ஒரு முன்னாள் பிரதமரின் வேட்பாளரை மூன்று ஓட்டில் சாய்த்துவிட்டார்கள்.

அடுத்த மூன்று ஆண்டு வேகமாகப் போயிற்று. 1942 ஏப்ரலில், முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்கலாம் என்று சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சியில் ராஜாஜி தீர்மானம் நிறைவேற்றினார். அகில இந்தியக் கமிட்டி அதைத் தள்ளியது. ஜூலையில் அவர் காங்கிரஸையே விட்டு விலகினார். ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம். பம்பாயிலிருந்து ரயிலில் திரும்பும்போது காமராஜர் அரக்கோணத்தில் இறங்கி மறைந்தார், சத்தியமூர்த்தி கைதானார். மத்திய மாகாணத்து அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். முதுகெலும்பில் அடிபட்டு, உடல் தேறாமல், 1943 மார்ச் 28-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தார். வயது 55. சிறையிலிருந்து மகள் லட்சுமிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னால் நூலாயின. அந்த லட்சுமி கிருஷ்ணமூர்த்திதான் பிற்காலத்தில் ‘வாசகர் வட்டம்’ நடத்தித் தமிழ் வாசகர்களுக்கு நல்ல புத்தகங்களைத் தந்தவர்.

குரு போன பிறகு பூசல் ஓயவில்லை. போர் முடிந்ததும் ராஜாஜி கட்சிக்குத் திரும்ப வந்தார். காமராஜர் தரப்பு திருப்பரங்குன்றத்தில் மாநாடு கூட்டி எதிர்ப்பைக் காட்டியது. 1946 தொடக்கத்தில் இந்திப் பிரச்சார சபையின் வெள்ளி விழாவுக்கு வந்த காந்தி, ஊர் திரும்பியதும் ‘ஹரிஜன்’ இதழில், ராஜாஜிக்கு எதிராக ஒரு ‘கிளிக்’ (clique, சிறு கும்பல்) வேலை செய்கிறது என்ற பொருளில் எழுதிவிட்டார். மேலிடத்திலும் மேலான இடத்திலிருந்து வந்த சொல். காமராஜர் மனம் நொந்து பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார். கமிட்டியை மட்டும் விடவில்லை. காந்தி விரும்பிய ராஜாஜிக்கு அந்த ஆண்டு முதலமைச்சர் பதவி கிடைக்கவில்லை. காமராஜர் நிறுத்திய முத்துரங்க முதலியாரும் 69-க்கு 82 என்று பிரகாசத்திடம் தோற்றார். ஓராண்டுக்குள் பிரகாசத்தை இறக்கி ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரையும், 1949-இல் அவரை இறக்கிக் குமாரசாமி ராஜாவையும் கொண்டுவந்தது கட்சி. மூன்றே ஆண்டில் மூன்று முதல்வர்கள். சட்டமன்றக் கட்சிக்குள்ளே கையெழுத்து வாங்கி ஆளை மாற்றும் கலை அன்றே முழுமை பெற்றுவிட்டது.

1952-இல் பெரும்பான்மை கிடைக்காமல் தத்தளித்த கட்சி ராஜாஜியை அழைத்தது. 1953-இல் அவர் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்ற பெயரோடு அவரையே கொண்டுபோயிற்று. 1954-இல் காமராஜருக்கும் ராஜாஜி ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியத்துக்கும் போட்டி, 93-க்கு 41. வென்றவர், தோற்ற சுப்பிரமணியத்தையும் பக்தவத்சலத்தையும் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். 1937-இல் தன் குருவுக்குக் கிடைக்காததை எதிரணிக்குக் கொடுத்தார் என்றே நான் இதைப் படிக்கிறேன். ராஜாஜி பக்கத்தார் வெளியேறிச் சீர்திருத்தக் காங்கிரஸ் என்று 1957-இல் நின்றார்கள். 1959-இல் சுதந்திராக் கட்சி பிறந்தது: கூட்டுப் பண்ணை வேண்டாம், லைசென்ஸ் ராஜ்யம் வேண்டாம், அரசு ஒதுங்கி நிற்கட்டும். பழமைப் போக்கை அவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய கட்சி இந்தியாவில் அரிது.

நம் மாவட்டம் இதில் எங்கே இருந்தது? சமஸ்தானம் 1948 மார்ச் 3-இல் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போயிற்று. 1952-இல் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலில் புதுக்கோட்டைத் தொகுதி காங்கிரஸைத் தேர்ந்தெடுக்கவில்லை. சமஸ்தான மக்கள் இயக்கத்தில் முன்னின்ற முத்துசாமி வல்லத்தரசு, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் பெயரில் வென்றார். காங்கிரஸிலிருந்து கோபித்துக்கொண்டு போன கிருபளானியும் பிரகாசமும் தொடங்கிய கட்சி அது. காங்கிரஸ் இங்கே முதலில் தோற்றது தன் சொந்தப் பிளவிடம்தான். 1957-இல் தொகுதி காங்கிரஸுக்கு வந்தது. 1962, 1967 இரண்டிலும் கம்யூனிஸ்டுத் தலைவர் ஆர். உமாநாத்திடம் போயிற்று. சத்தியமூர்த்தி பிறந்த மண் என்பதற்காக இங்கே யாரும் ஓட்டுப் போட்டதாகத் தெரியவில்லை. 1974 ஜனவரி 14-இல் மாவட்டம் தனியானது.

காமராஜர் 1964-இல் அகில இந்தியத் தலைவரானபோது ரசீதுப் புத்தகத்தால் எழுந்தவரே மேலிடமாகிவிட்டார். நேருவுக்குப் பிறகு சாஸ்திரியைப் போட்டியில்லாமல் கொண்டுவந்தார். 1966-இல் இந்திராவுக்கும் மொரார்ஜிக்கும் ஓட்டு எடுத்து 355-க்கு 169 என்று இந்திராவை உட்கார வைத்தார். 1969-இல் அந்த இந்திராவோடு கட்சி பிளந்தது. காமராஜர் ஸ்தாபன காங்கிரஸில். அவரிடம் 1954-இல் தோற்ற சுப்பிரமணியம் தமிழ்நாட்டில் இந்திரா காங்கிரஸுக்குத் தலைவர். 1971 தேர்தலில் இன்னொரு அதிசயம்: ராஜாஜியும் காமராஜரும் ஒரே மேடை. முப்பதாண்டுப் பகையை ஒரு தேர்தல் ஒட்டவைத்தது, ஆனால் ஓட்டு ஒட்டவில்லை. ஸ்தாபன காங்கிரஸுக்கு 15 இடம், சுதந்திராவுக்கு 6. ராஜாஜி 1972-லும் காமராஜர் 1975-லும் மறைந்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்தாபன காங்கிரஸில் பெரும்பகுதி மூப்பனாரோடு இந்திராவிடம் போனது.

அதற்குப் பிறகு உள்ள கதை நீளம். ஆனால் சாரம் கொஞ்சம்தான். 1980 முதல் 1991 வரை நான்கு முறை தொடர்ந்து புதுக்கோட்டையில் காங்கிரஸ் வென்றது, பெரும்பாலும் அ.தி.மு.க. தோளில் ஏறி. 1996-இல் நரசிம்ம ராவ் அ.தி.மு.க.வோடுதான் கூட்டணி என்று டெல்லியிலிருந்து முடிவெடுத்தபோது மூப்பனார் தமிழ் மாநில காங்கிரஸ் கண்டு, 39 சட்டமன்ற இடங்களையும் 20 மக்களவை இடங்களையும் பிடித்தார். தாய்க் கட்சிக்கு ஒன்றுமில்லை. மேலிடத்துக்கு எதிராக உள்ளூர்க் கமிட்டிகள் திரண்டு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1940-க்குப் பிறகு கிடைத்த ஒரே பெரிய சாட்சி அது. 2002-இல் அதுவும் போய் இணைந்தது.

2008 தொகுதி மறுவரையறையில் புதுக்கோட்டை என்ற மக்களவைத் தொகுதியே இல்லாமல் போயிற்று. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பங்குபோடப்பட்டன. திருமயம் சிவகங்கைக்குப் போனது. 2016-இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக மறுபடி நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் வந்தார். அறந்தாங்கியில் 1977 முதல் ஆறு முறை வென்ற சு. திருநாவுக்கரசர். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. பிளந்தபோது அதன் நடுவில் நின்றவர், தனிக்கட்சி கண்டவர், 1999-இல் புதுக்கோட்டை எம்.பி., பா.ஜ.க.வில் இருந்துவிட்டு 2009-இல் காங்கிரஸுக்கு வந்தவர். உட்கட்சிப் பூசலை அவர் அளவுக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்த தலைவர் குறைவு. திருமயத்துக்காரர் பெயர் தாங்கிய கட்சித் தலைமையகமான சத்தியமூர்த்தி பவனில் அவர் உட்கார்ந்தது டெல்லி அனுப்பிய நியமனக் கடிதத்தால். 2019-இல் எழுந்ததும் இன்னொரு நியமனக் கடிதத்தால். ஓட்டு எண்ணிக்கை எதுவும் நடக்கவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான். மாநிலத் தலைவரை மாநிலத்தார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில் 1940 காங்கிரஸைவிட இன்றைய காங்கிரஸ் பின்தங்கி நிற்கிறது. மற்றக் கட்சிகள் மேல் என்றும் சொல்வதற்கில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மேலே சொன்னதெல்லாம் பெரிய தலைவர்களின் கதை. அச்சில் இருப்பது அதுதான். திருமயத்திலும் அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் கீரனூரிலும் நாலணா வாங்கிக்கொண்டு ரசீது கிழித்தவர்கள் யார், எந்தக் கோஷ்டிக்காக நின்றார்கள், எதற்காகப் பிரிந்தார்கள் என்பது அவரவர் வீட்டுத் தகரப் பெட்டிகளில்தான் இருக்கிறது. பழைய கமிட்டி நோட்டீஸ், நடவடிக்கைக் குறிப்பேடு, ரசீது அடிக்கட்டை, சிறை சென்றவரின் கடிதம், மாநாட்டுக் குழுப் படம் எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதுக்கோட்டையிலேயே ஞானாலயா போன்ற நூலகம் இருக்கிறது. அரசு அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. கொடுக்க மனமில்லை என்றால் படமெடுத்துப் பிரதியையாவது சேர்த்துவையுங்கள். படத்தின் பின்புறம் யார் யார் என்று பென்சிலால் எழுதிவையுங்கள்.